கொட்டகை இருந்த இடம்

திருமானூருக்குப் புதிதாக வருகின்ற ஒருவர் வழி கேட்டால், நம்மவர் தெருப் பெயரைச் சொல்வது அரிது. கொள்ளிடப் பாலத்தைச் சொல்வார்கள். திருமழபாடிக்குப் பிரியும் சாலையைச் சொல்வார்கள். கிழக்கே செல்பவராயின் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் ஆலயத்தைச் சொல்வார்கள். கொள்ளிடக் கரையூர்களில் வயது முதிர்ந்தோர் சிலர் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வது உண்டு: “பழைய கொட்டகை இருந்த இடம்.” கோபுரமும் ஆலயமும் கண்ணுக்குத் தெரிகின்ற அடையாளங்கள். கொட்டகையோ கண்ணுக்குத் தெரியாத அடையாளம். ஆயினும் அது வழி காட்டத் தவறுவதில்லை.

பெருநகரங்களிலும் இவ்வழக்கம் உண்டு. 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பெற்ற மதுரைத் தங்கம் திரையரங்கு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் துணிக்கடை எழுந்துவிட்டது. பெயர் மட்டும் மக்கள் நாவில் தங்கிவிட்டது. கோவையில் ஒரு சாலைக்கே வெரைட்டி ஹால் சாலை என்று பெயர். அந்த அரங்கை 1914-இல் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவர். திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் வரைபடப் பணி செய்துவந்த அவர், 1905-இல், நோயுற்றுத் தாய்நாடு திரும்ப விரும்பிய துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். அவர் கொண்டு சென்ற படங்களுள் முதன்மையானது இயேசுவின் வாழ்க்கை. தமிழகத்து ஊர்சுற்றும் கொட்டகைகளின் தலைமுறை இந்தக் கூடாரத்திலிருந்தே தொடங்குகிறது.

எனினும் நம் பங்குகளில் பெரியவர்கள் கொட்டகையைச் சற்று ஐயத்தோடுதான் நோக்கினர். பதினோராம் பத்திநாதர் 1936-இல் திரைப்படங்களைப் பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதி விசுவாசிகளை எச்சரித்தார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டபோது, வியத்தகு கண்டுபிடிப்புகள் என அவற்றை வரவேற்றுப் பேசும் தொனி வந்தது. நம் மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை! நாடக மேடையில் நம்மவர் நன்கறிந்திருந்த ஞானசௌந்தரியின் கதை 1948-இல் திரைக்கு வந்தபோது, தேவமாதாவை நோக்கி அவள் மன்றாடும் பாடலை ஊரே முணுமுணுத்தது. 1971-இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’யைப் பார்த்தவர்களுக்கோ அது பாதித் திருயாத்திரை.

கொட்டகையின் அமைப்பை இளையோர் அறியார். மேலே கீற்று, கீழே ஆற்று மணல். சுவர் முழுமையாக இராததால் பகற்காட்சி கிடையாது. இருட்டிய பின்னரே படம். பெரும்பாலும் ஒரே படக்கருவிதான். ஆகவே சுருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் இடைவேளை. முறுக்கு விற்பவருக்கு அதனால் நல்ல வருவாய். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழுந்தால் நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். வயலில் நிற்பவர் கால் கழுவ ஓடுவார்.

இந்த மணலைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். அங்கே இடத்தை வகுத்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு. கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது சற்றுச் சுடுகின்ற செய்தி. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் அத்தகைய சுவரை இறந்தோருக்கிடையே எழுப்பி வைத்தோம். ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்கள் வாயிலுக்கு வெளியே வந்ததும் இரண்டாகப் பிரிந்தார்கள். மாலையில் கொட்டகைக்குச் சென்று ஒரே மணலில் தோளுரச அமர்ந்து ஒரே காட்சிக்குக் கண்ணீர் விட்டார்கள்.

கொட்டகையை விண்ணரசாக நாம் ஆக்கிவிடவில்லை. நாற்காலி நிலமுடையோருக்கும் மணல் கூலியாளுக்கும் என்றே பெரும்பாலும் அமைந்தது. காசு வகுத்த கோடு பல வேளைகளில் சாதி வகுத்த கோட்டின் மேலேயே சென்றது. பெண்களுக்கு நடுவே தடுப்பும் இருந்தது. ஆயினும் காசு சேர்ந்த நாளில் கூலியாள் நாற்காலிச் சீட்டு வாங்க முடிந்தது. அதைத் தடுக்க எந்த மரபும் அங்கே இல்லை. கொட்டகைக்காரருக்குச் சமத்துவத்தில் பெரும் பற்று இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது வசூல். மறைவல்லுநர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்களோ, நாம் அறியோம்.

வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றியபோது, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அதன்மீது கலம்பகமும் பாடினார். புலவர்கள் அப்பெயரைப் போற்றுகின்றனர். பேருந்தில் ஏறுகின்றவர்களோ இன்றும் ஏலாக்குறிச்சிக்கே சீட்டு கேட்கின்றனர். ஓரிடத்தின் பெயரை முடிவு செய்பவர்கள் அங்கு கால் வைத்து நடந்தவர்களே போலும்.

தொலைக்காட்சி வந்தது; பின்னர் கம்பிவடம்; இப்போது கைப்பேசி. ஒருவர் பார்ப்பதை அருகில் இருப்பவர் அறியார். கீற்றும் மூங்கிலும் பிரிக்கப்பட்ட திடல்களில் சில காலம் நெல் காயவைத்தார்கள். இப்போது பல இடங்களில் வெள்ளையடித்த மனைக்கற்கள் நடப்பட்டிருக்கின்றன. வழி கேட்பவரிடம் முதியவர் இன்னமும் அந்தத் திசையில் கை நீட்டிக் “கொட்டகை தாண்டி இரண்டாவது திருப்பம்” என்கிறார்.