இடாப்பு இல்லாத விரதம்

பிறர் நமக்கு இடும் கட்டளையை மீறுவதற்குக் காரணம் கற்பித்தல் எளிது. நமக்கு நாமே இட்டுக்கொண்ட கட்டளையை மீறும்போதோ, குற்றவாளியும் நீதிபதியும் ஒருவனே ஆகிவிடுகின்றான். சென்ற ஆண்டு அத்தகையதொரு நீதிமன்றத்தில் எழுபத்தைந்து நாள் நிற்க நான் துணிந்தேன். அதன் விளைவை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்டி பிரிசெல்லா என்னும் அமெரிக்க வணிகர் 2019 ஆம் ஆண்டில் ஒரு சவாலை அறிமுகப்படுத்தினார். 75 நாள்களுக்கு நாள்தோறும் இருமுறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், உடற்பயிற்சி செய்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று, மழையாயினும் வெயிலாயினும், திறந்த வெளியில் நிகழ்தல் வேண்டும். தாமே வகுத்துக்கொண்ட உணவு ஒழுங்கிலிருந்து இம்மியும் பிசகலாகாது, மதுவைத் தொடலாகாது. ஏறக்குறைய 3.8 லீற்றர் நீர் அருந்துதல், பயன்தரும் நூலொன்றிற் பத்துப் பக்கம் படித்தல், தம்மைத் தாமே புகைப்படம் எடுத்தல் என்பன எஞ்சிய கடன்கள். இவற்றுள் ஒன்று தவறினும் மறுநாள் மீண்டும் முதல் நாளாகிவிடும். எழுபத்து நான்காம் நாளில் தவறினும் விதி அதுவே. இது உடலுக்கான திட்டம் அன்று, மன உறுதிக்கான பயிற்சியே என்பது அதனை வகுத்தவரின் வாதம்.

அவ்வாதம் என்னைக் கவர்ந்தது. நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கிடந்து, காலை விரிவுரைகளைத் தவறவிட்டு, "நாளை முதல்" என்று நாள்தோறும் தீர்மானிக்கும் வாழ்க்கை எனக்கே வெறுத்திருந்தது. சமரசத்துக்கு இடமளியாத விதியொன்றே என்னைப் போன்றவனுக்கு மருந்தென எண்ணினேன். சீனியையும் எண்ணெயிற் பொரித்தவற்றையும் விலக்கினேன். ஏடொன்றில் நாளுக்கொரு பக்கமாக 75 பக்கங்களுக்குக் கட்டங்கள் வரைந்தேன்.

முதல் வாரங்கள் உண்மையிலேயே இனியவை. பனிப்புகார் கலையாத விடியற்பொழுதில் கலகா வீதி வழியே நடக்கையில், நெடுங்காலம் தங்கியிருந்தும் பேராதனையை அதுவரை நான் பார்த்ததில்லை என்பதனை உணர்ந்தேன். ஹந்தானை மலையின் முகடு மெல்ல வெளிப்படுவதும், மகாவலியின் நிறம் முதல்நாள் மழைக்கேற்ப மாறுவதும் எனக்குப் பழகிய காட்சிகளாயின. மாலையில் விடுதிக்குப் பின்னே கயிறடிப்பேன். மூச்சு வாங்குவது குறைந்தது. உறக்கம் தானாக வந்தது. இவை அனைத்தும் அச்சவால் எனக்கு ஈந்த நன்மைகள். அவற்றை மறைப்பது நன்றியன்று.

31 ஆம் நாள் அம்மப்பாவின் திவசம். இரவுப் பேருந்தில் யாழ்ப்பாணம் சென்றேன். படையல் முடிந்து பந்தி விரித்தபோது என் இலையில் வடையும் பாயாசமும் வேண்டாமென்றேன். அம்மம்மா அருகே வந்து நின்றார்.

"ஒரு வடையெண்டாலும் தின்னன் மோனை. அம்மப்பாவுக்குப் படைச்சது."

நான் என் விதிகளை விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பின் ஒன்றும் பேசாது வடையை எடுத்துச் சென்றார். மாலையில் உறவினர் யாவரும் அவரைச் சூழ்ந்திருந்து அம்மப்பாவின் கதைகளைப் பேசிக்கொண்டிருக்க, நான் 45 நிமிடத்தை நிறைவுசெய்ய ஒழுங்கைகளில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பியபோது வந்தவர்கள் போய்விட்டனர். அம்மம்மா திண்ணைச் சுவரிற் சாய்ந்தபடி உறங்கிவிட்டார். அன்றைய பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. எனினும் அப்பக்கத்தைப் பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாயிருந்தது.

அம்மம்மாவும் விரதகாரிதான். ஐப்பசியிற் கந்தசஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமுமாக ஒருநேரம் உண்பார். ஆறாம் நாள் அதுவுமில்லை. ஆயினும் அந்நாள்களில் எங்கள் வீட்டில் எவருக்கும் ஒருவேளைச் சோறு தவறியதில்லை. தாம் உண்ணாத புட்டைத் தாமே அவித்து எமக்குப் பரிமாறுவார். அவருடைய விரதத்தின் பாரம் அவர்மீது மட்டுமே இறங்கியது. எனது ஒழுக்கமோ வீட்டிலுள்ளோர் அனைவரையும் விலகி நிற்கச் சொல்லிற்று.

பேராதனைக்கு மீண்ட பின் 38 ஆம் நாள் இரவு, ஒப்படை ஒன்றை எழுதி முடித்த களைப்பிற் பத்துப் பக்கங்களைப் படியாமலே உறங்கிவிட்டேன். விதிப்படி மறுநாள் முதல் நாள். முப்பத்தேழு நாள் உழைப்பும் ஓரிரவில் அழிந்தது என்ற எண்ணம் என்னைக் கட்டிலோடு பிணித்தது. அழிந்தது அழிந்ததே, ஒருநாள் ஓய்ந்திருந்தால் என்ன என்று தொடங்கிய சோம்பல் பதினைந்து நாள் நீடித்தது. சமரசத்துக்கு இடமளியாத விதி, தோல்விக்குப் பின் எழுந்து நிற்கவும் இடமளிக்கவில்லை.

அந்நாள்களில் ஒருமுறை தொலைபேசியில் அம்மம்மாவோடு பேசுகையில், விரதம் எப்போதாவது முறிந்ததுண்டா என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? நீ சின்னனிலை காய்ச்சலாக் கிடந்த வருஷம் நாலாம் நாள் முறிஞ்சது. இரவு முழுக்க ஆசுப்பத்திரியிலை நிண்டனான். விடியப்புறம் தலை சுத்திச்சுது. பக்கத்துக் கட்டில்காரி தந்த தேத்தண்ணியையும் பாணையும் வாங்கிச் சாப்பிட்டன். அடுத்த நாள் பழையபடி பிடிச்சன்."

"முறிஞ்ச விரதத்தை எப்படி அம்மம்மா திரும்பப் பிடிக்கிறது?"

"முருகன் என்ன, இடாப்புக் கூப்பிடுற வாத்தியாரே?" என்று சிரித்தார்.

பத்துப் பக்கங்களுக்கென நான் எடுத்துவைத்திருந்த நூல் பெஞ்சமின் பிராங்கிளினின் தன்வரலாறு. மறுநாள் அதனை விரித்தேன். அவரும் 13 நற்பண்புகளை வகுத்து, வாரத்துக்கு ஒன்றாக 13 வாரத்தில் ஒரு சுற்றையும், ஆண்டில் நான்கு சுற்றுகளையும் முடிக்கத் திட்டமிட்டவர். தவறிய இடங்களிற் சிறு ஏடொன்றிற் கரும்புள்ளி இடுவார். புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அத்தாள்கள் துளைபட்டுப்போயின. எனவே தந்தத் தகடுகளில் அமைந்த குறிப்பேட்டுக்குத் தம் அட்டவணையை மாற்றிக்கொண்டார். புள்ளி விழுந்தமைக்காக அவர் சுற்றை முதலிலிருந்து தொடங்கவில்லை. பூரணத்துவத்தை எய்தவில்லையாயினும், முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்ல மனிதனானேன் என்றே அவர் எழுதுகின்றார்.

இன்றைய ஆய்வும் அவர் பக்கமே சாய்கின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு செயல் பழக்கமாக வேரூன்ற இடைநிலை மதிப்பாக 66 நாள்கள் ஆகின்றன. ஆளுக்கேற்ப அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபடும். ஒருமுறை தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிப்பதில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. அம்மம்மா ஆய்வெதுவுமின்றி அறிந்திருந்ததும் இதுவே.

நான் மீண்டும் நடக்கத் தொடங்கினேன். ஏட்டில் முதல் நாள் என்று எழுதவில்லை. பதினைந்து பக்கங்களை வெறுமையாக விட்டு, அடுத்த பக்கத்திற் 'தொடர்ச்சி' என்றே எழுதினேன். அவ்வெற்றுப் பக்கங்களை நான் கிழிக்கவில்லை. அவையும் என் கணக்கைச் சேர்ந்தவையே. சவாலை வகுத்தவரின் விதிப்படி நான் தோற்றவன். ஆயினும் விடியலில் எழும் வழக்கம் இன்றும் என்னை விட்டகலவில்லை.

கடுமை ஒழுக்கத்தின் தொடக்கத்துக்கு உதவலாம். அதனைத் தொடர்ந்து பேணுவதற்கோ, தவறிய மறுநாளும் தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளும் பணிவும், தன் நோன்பு பிறர் இலையைத் தட்டிவிடாதவாறு காக்கும் கவனமும் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் வீடு சென்றபோது அம்மம்மா சுட்ட வடையில் இரண்டைத் தின்றேன். மாலையில் அவரையும் அழைத்துக்கொண்டு கோயில் வரை நடந்தேன். வேலிக்கு வேலி நின்று, காண்போர் எல்லோரோடும் சுகம் விசாரித்து, அவர் மிக மெதுவாகவே வந்தார். திரும்பி வந்து ஏட்டைத் திறந்து, திறந்த வெளிப் பயிற்சிக்குரிய கட்டத்தை நிரப்பினேன்.