இருபத்திரண்டு இறாத்தல் நான்கு அவுன்சு

1932ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துத் தென்பாகத்தில் மழை பெய்திருந்தது. ஏர் பூட்ட முடியாத அளவுக்கு நிலம் நனைந்து கிடந்தது. ஜோர்ஜ் வாஷிங்டன் பெரி என்னும் இளைஞன் அன்று உழவை விட்டு மீன்பிடிக்கப் போனமைக்கு இதனைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்நாளைப் பற்றிப் பின்னர் எழுதியோர் விதியென்றும் கலையென்றும் சொற்களை அடுக்கினர். உண்மையிற் காரணம் சேறுதான்.

அவனுக்கு அப்பொழுது ஏறக்குறைய இருபது வயது. தந்தை முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். தாயும் உடன்பிறந்தோரும் அவன் உழைப்பை நம்பி இருந்தனர். காலமோ பொருளாதார மந்தத்தின் கொடிய காலம். 1929இல் இறாத்தலொன்று ஏறத்தாழ பதினேழு சதம் விலைபோன பருத்தி, மூன்றாண்டுகளுள் ஆறு சத அளவிற்கு இறங்கிவிட்டது. பருத்தியையன்றி வேறொன்றை அறியாத அந்நாட்டுப்புறத்திலே, விலையிறக்கம் என்பது பத்திரிகைச் செய்தியன்று. அடுப்பிலே தெரியும் செய்தி. துப்பாக்கியும் தூண்டிலும் அவ்வூர் ஏழைக் குடியானவனுக்கு விளையாட்டுக் கருவிகளல்ல. மண்வெட்டியைப் போல அவையும் சோற்றுக்கான கருவிகளே.

நண்பன் ஒருவனின் பழைய வண்டியில் இருவரும் மொன்கொமரி ஏரிக்குப் போயினர். ஏரி என்று பெயர் சொல்லினும் அது பெரிய நீர்ப்பரப்பன்று. ஒக்மல்கீ ஆறு தன் பழைய வளைவொன்றைக் கைவிட்டு வேறு வழியாற் போனபின், பின்னே தங்கிவிட்ட நீர் அது. இத்தகைய நீர்நிலைகளிலே சைப்பிரஸ் மரங்கள் வேரோடு நீரில் நிற்கும். விழுந்த மரங்கள் அடியிலே அழுகிக் கிடக்கும். நீர் தேநீர்ச் சாயம்போல் இருண்டிருக்கும். பெரியின் தோணி, கழிவுப் பலகைகளைக் கொண்டு அவன் தானே அறைந்து செய்தது. இருவருக்குமாகத் தூண்டிற்கோல் ஒன்று; பொய்யிரையும் ஒன்று. ஒருவன் துடுப்பு வலிக்க மற்றவன் எறிவான், பின்னர் மாறிக்கொள்வர். அந்தப் பொய்யிரை இந்தியானா மாநிலத்துக் கிரீக் சப் கும்பனி செய்து விற்றது. மரத்தாற் செய்து மீன்போல வர்ணம் தீட்டியது. அது ஒரு மரக்கட்டையிற் சிக்கி அறுந்திருந்தால் அன்றைய மீன்பிடி அத்துடன் முடிந்திருக்கும்.

அவர்கள் தேடிப்போன மீனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஆங்கிலத்தில் அதனைப் பெருவாய்ப் பாஸ் என்பர். பெயரொற்றுமை கருதி இதனைக் கடலோரங்களிற் பிடிபடும் கொடுவாவோடு சேர்த்தெண்ணுதல் தவறு. இது வட அமெரிக்காவின் நன்னீருக்கே உரிய, சூரியமீன் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை உடல், விலாவிலே கரிய பட்டையொன்று, மேற்றாடை கண்ணையுங் கடந்து பின்னே நீளும் வாய். இரையைத் துரத்தித் திரிதல் இதன் இயல்பன்று. கட்டையின் நிழலிலோ நீர்ப்பூண்டின் ஓரத்திலோ அசைவற்று நிற்கும். சிறு மீனோ தவளையோ எட்டத்தில் வந்ததும் வாயைச் சடுதியாகத் திறக்கும். திறந்த வேகத்தில் நீர் உள்ளே பாய, நீரோடு இரையும் போய்விடும். பார்த்திருப்பவனுக்கு நீர் ஒருமுறை சுழித்தது மட்டுமே தெரியும். இளவேனிலில் ஆண்மீன் ஆழங்குறைந்த இடத்தில் வாலாற் குழி பறித்துக் கூடமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுப் போய்விட, முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆணே காவல் நிற்கும். ஆனால் உருவத்தில் மிகப் பெரியனவாக வளர்வன பெண்மீன்களே. மழைக்கு மறுநாள் பெரியின் இரையை விழுங்கியதும் முதிர்ந்த பெண்மீனாகவே இருந்திருத்தல் வேண்டும்.

நீர் சுழித்த இடத்தை நோக்கி அவன் எறிந்தான். நீர் தெறித்தது, கோலை இழுத்தான், எதிர்ப்புறத்தில் எதுவும் அசையவில்லை. மீன் அடியிற் பாய்ந்து நூலைக் கட்டையிற் சிக்கவைத்துவிட்டது, மீனும் போயிற்று, இரையும் போயிற்று என்றே அவன் எண்ணினான். பிறகு, கட்டை நகரத் தொடங்கியது. அந்தக் கணத்தைப் பற்றி ஆண்டுகள் பல கழிந்தபின் கேட்டவர்களுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோக நல்லதொரு துண்டு இறைச்சி கிடைத்தது என்பதே தன் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம் என அவர் சொல்லியிருக்கிறார். சாதனை என்ற சொல் அங்கே எவர் மனத்திலும் இல்லை.

ஹெலீனா என்னும் சிற்றூரின் கடையிலே அதனைக் காட்டினர். இத்தகைய மீனுக்குப் பரிசு தரும் போட்டியொன்றைச் சஞ்சிகை ஒன்று நடத்துகின்றது என அங்கு நின்ற யாரோ சொன்னமையாலேயே அது தபாற் தராசில் நிறுக்கப்பட்டது. நிறை இருபத்திரண்டு இறாத்தல் நான்கு அவுன்சு. நீளம் முப்பத்திரண்டரை அங்குலம். சுற்றளவு இருபத்தெட்டரை அங்குலம். நீளத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாடு நான்கே அங்குலம் என்பதை நோக்கினால், அது மீனென்பதைவிடக் குடமென்பதே பொருத்தம். 1923இல் புளோரிடாவிற் பிடிபட்ட முந்திய சாதனை மீனிலும் இது இரண்டு இறாத்தல் இரண்டு அவுன்சு கூடியது. எண்கள் எழுதப்பட்டன, சாட்சிகள் ஒப்பமிட்டனர். எழுபத்தைந்து டொலர் பெறுமதியான பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. ஒரு துப்பாக்கியும் அவற்றுள் அடங்கும்.

நிறுத்து முடிந்ததும் பெரி மீனை வீட்டுக்கு எடுத்துச் சென்றான். தாய் அதனைச் சமைத்தாள். ஒரு பக்கத்தை அன்றிரவும் மறு பக்கத்தை அடுத்த நாளும் குடும்பத்தார் உண்டனர்.

இந்த உணவே பின்னர் பெருங் குற்றமாயிற்று. மீன்பிடித்தல் விளையாட்டாக வளர்ந்து, 1960களின் இறுதியிற் பணப்பரிசுப் போட்டிகளும் சங்கங்களும் தோன்றி, 1970களிற் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுதலே பண்பாடு என்று ஆனபின், பெரியின் மீனைத் தேடிப் பலர் புறப்பட்டனர். பாடம்பண்ணிய உடலெங்கே? அந்நாளிலேயே அச்சான படமெங்கே? நண்பனின் சாட்சியமெங்கே? நண்பன் அந்தக் கதையில் அந்த நாளுக்குப் பின் வருவதேயில்லை. மிகப் பிந்தி வெளிவந்த படங்களையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டாரில்லை. ஐயுறுதல் ஆராய்ச்சியாளனின் உரிமையே. அதனைக் குறைகூறல் ஆகாது. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். மீனைப் பாடம்பண்ணிச் சுவரில் மாட்டுவதற்கு, முதலில் அதனை உண்ணாதிருக்க முடிந்த வீடு வேண்டும். சான்றுகளைச் சேமித்தல் வயிறு நிறைந்தோரின் பழக்கம். அச்சாதனையை முறியடிப்பவனுக்கு மில்லியன் டொலர் கிடைக்கும் என்று அமெரிக்காவிற் பேசப்பட்ட காலமொன்று இருந்தது. அந்த மில்லியன் டொலர் மீனைத்தான் ஜோர்ஜியாவின் ஒரு தாய் துண்டுபோட்டுச் சமைத்தாள். அவள் செய்தது பிழையென்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

அவன் ஒரு நாட் பேறுடையவன் மட்டுமல்லன் என்பதற்கும் சான்றுண்டு. 1934இல் அதே போட்டியில் அவன் மீண்டும் வென்றான். அப்பொழுது பிடித்த மீன் பதின்மூன்று இறாத்தல் பதினான்கு அவுன்சு.

எழுபத்தேழு ஆண்டுகள் கடந்து, 2009ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி, யப்பானின் பிவா ஏரியிலே மனாபு குரிதா என்பவர் இருபத்திரண்டு இறாத்தல் நான்கு அவுன்சையும் சற்று விஞ்சிய பாஸ் ஒன்றைப் பிடித்தார். விஞ்சியது ஓர் அவுன்சிலும் சிறிது குறைவு. பழைய சாதனையை நீக்குவதற்கு இரண்டு அவுன்சேனும் கூடவேண்டும் என்பது சாதனைகளைப் பதிவுசெய்யும் சர்வதேசச் சங்கத்தின் விதி. ஆகவே 2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருவரும் சமமென அறிவிக்கப்பட்டது. குரிதாவிடம் படங்கள் இருந்தன, அளவுகள் இருந்தன. இருந்தும் பொய்யறி கருவியின் முன் அமர்த்தப்பட்டு, அதிலும் தேறிய பின்னரே அவர் சொல் ஏற்கப்பட்டது. கடைத் தராசும் அயலவர் ஒப்பமும் போதுமாயிருந்த காலத்திலிருந்து உலகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

யப்பானில் அம்மீனுக்கு வேறொரு முகமுண்டு. 1925இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விடப்பட்ட இனம் அது. அங்கிருந்து ஏரி ஏரியாகப் பரவியது. பிவா ஏரியின் வலைஞர் காலங்காலமாக நம்பியிருந்த சிறு மீன்களை அது விழுங்கியது. சோற்றோடு புளிக்கவைத்து அவ்வூரார் செய்யும் பூனாசூஷி என்னும் பழம்பெரும் உணவுக்கு வேண்டிய மீனும் அருகியது. பிவாவிற் பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடலாகாது என 2003இல் ஷிகா மாகாணம் விதி செய்தது. குரிதா இரையாக மாட்டிய புளூகில் என்னும் மீனும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1960இல் முடிக்குரிய இளவரசராயிருந்த அக்கிஹித்தோ சிக்காகோ நகர மேயரிடமிருந்து பெற்றுவந்த பரிசு அது. 2007இல், பேரரசராக, அதன் விளைவுக்காக அவர் வெளிப்படையாக மனம் வருந்தினார். ஒரு நாட்டில் ஏழையின் இரவுணவாகிய மீன், மறு நாட்டில் ஏழை வலைஞனின் உணவைப் பறித்தது. மீனுக்கு இதில் ஒரு குற்றமுமில்லை. அது எங்கும் வாயைத் திறக்கவே செய்யும்.

பெரி பிற்காலத்தில் விமானமோட்டக் கற்று, ஜோர்ஜியாவின் கரையோர நகரான பிரன்ஸ்விக்கில் விமானத் தொழில் நடத்தினார். மீனைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை என்பர். 1974ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகருக்கருகே தம் விமானம் வீழ்ந்து இறந்தார். பிவா ஏரியிற் பாஸ் மீன் முதன்முதலாகக் காணப்பட்டதும் அவ்வாண்டிலேயே. மொன்கொமரி ஏரியை வண்டல் தூர்த்துவிட்டது. அங்கே இன்று பெரும்பாலும் சதுப்பு. அருகிலுள்ள நெடுஞ்சாலையோரத்தில் நாட்டியுள்ள பலகை ஒன்று மீனின் நிறையைக் கூறி நிற்கின்றது.