அங்க யாரு இருக்கா?

திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு பையன் வெளியூருக்குக் கிளம்புகிறான் என்றால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "அங்க யாரு இருக்கா?" என்பதைத்தான். சம்பளம், சாப்பாடு எல்லாம் அப்புறம். முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்க, பேர் சொல்லி விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆளால் எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்து இங்கே மாறியிருக்கிறது.

மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூர் 'சின்ன சிங்கப்பூர்' என்றே பேர் வாங்கிய ஊர். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த காலத்தில், முதலில் போனவர் மச்சானை அழைத்தார். மச்சான் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்தார். பிறகு வளைகுடா வந்தது, விமானம் வந்தது. அழைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

சொந்தபந்தம்தான் வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்றில்லை. திருக்குவளையில் 1924இல் பிறந்து, படிக்கத் திருவாரூர் வந்த மு. கருணாநிதி, 1942இல் அண்ணாவின் 'திராவிட நாடு' இதழுக்கு 'இளமைப்பலி' என்றொரு கட்டுரை அனுப்பினார். அது அச்சேறியது. கொஞ்ச நாளில் மீலாது விழாவுக்காகத் திருவாரூர் வந்த அண்ணா, அதை எழுதியவரை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்து நின்றது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். முதலில் படிப்பைக் கவனிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார் அண்ணா. உறவு கிடையாது, ஒரே ஊரும் கிடையாது. இருவரையும் இணைத்தது ஒரு கட்டுரை. 1969இல் அண்ணா மறைந்தபின் முதலமைச்சரானவர் அந்தப் பையன்தான்.

நெருக்கமில்லாத ஒருவரால் வாழ்க்கை திரும்புவதற்கொரு விளக்கத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கு வழிகாட்டியது எப்போதாவது பார்க்கிற ஆள். கூடவே இருப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

இதை எங்கள் ஊர் வயலிலேயே பார்த்திருக்கிறேன். தை மாசம் சம்பா அறுவடைக்கு ஆத்தூர்ப் பக்கமிருந்து அறுப்பு மிஷின்கள் வரும். களத்துமேட்டில் தங்கிய டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுக்கப் போனான், கூலி வேலை செய்யும் வீட்டுப் பையன் ஒருவன். சிக்கிய வைக்கோலை உருவிப் போடுவதும், கிரீஸ் வைப்பதுமாகக் கூடவே நின்றான். "கூட வர்றியாடா தம்பி?" என்று கேட்டார் டிரைவர். அறுவடை முடிந்து மிஷின் லாரியில் ஏறியபோது அவனும் ஏறினான். இன்றைக்கு அவனே மிஷின் ஓட்டுகிறான். தங்கையை நர்சிங் படிக்க வைக்கிறான்.

அந்த டிரைவர் வேறு ஊர் வயலுக்குப் போயிருந்தால் இவன் என்னவாகியிருப்பான் என்று நினைத்தால் மனசு உறுத்துகிறது. டெல்டாவில் ஆள் பழக்கம் தெருவாரியாக, சாதிவாரியாகவே ஓடுகிறது. நிலமும் படிப்பும் இருந்த தெருக்காரர்களுக்குச் சென்னையிலும் ஆள் உண்டு, சிங்கப்பூரிலும் ஆள் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பறித்து நடவு நட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லக்கூட ஆளில்லை. அந்தப் பிள்ளை பின்தங்கினால் அதைத் திறமைக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

ஊரை விட்டுப் போய் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வரும்போது சொந்தக்காரர் வீடுகளோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த தெருவுக்கும் போங்கள். பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளையிடமாவது உட்கார்ந்து பேசுங்கள், உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். கூப்பிட்டால் எடுங்கள்.