சலவைப் பெண்கள் தொடக்கிய திருநாள்

கிறிஸ்தவர்களின் தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்குகிறது. நாற்பது நாள் ஒறுத்தலுக்கு முன்னர் வயிறாற உண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொள்ளும் களியாட்ட நாட்கள் பல நாடுகளில் உண்டு. ஜேர்மனியில் இந்நாட்களுக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். ரைன் நதிக்கரையில் உள்ள கொலோனில் 'கார்னவல்' என்கிறார்கள். இறைச்சியை விலக்குதல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மைன்ஸ் நகரில் 'பாஸ்ட்நாக்ட்'. அது நோன்புக்கு முந்திய இரவு. தெற்கே பவேரியாவில் 'பாஷிங்'. நோன்புக்கு முன் வார்க்கும் கடைசி மதுவைக் குறித்த பழஞ்சொல்லில் இருந்து அது வந்தது. வாழ்த்தொலியும் அப்படித்தான். கொலோனில் 'அலாஃப்' என்று கூவுவார்கள். மைன்சில் 'ஹெலாவ்' என்பார்கள்.

பொன் நகரில் வாழும் என் தங்கையிடம் போயிருந்தபோது இந்த நாட்களை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. விபூதிப் புதனுக்கு முந்திய வியாழக்கிழமை அங்கே பெண்களுக்கான நாள். "இண்டைக்கு முழுக்கப் பொம்பிளையளின்ர ஆட்சிதான் அக்கா, வந்து பாருங்கோ" என்று தங்கை என்னை நதியின் மறுகரையில் உள்ள பொயல் என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றாள்.

பொயல் முன்பு சலவைத்தொழிலுக்குப் பேர்போன ஊர். பெண்கள் துணிகளை அவித்துத் துவைத்து, ரைன் கரைப் புல்வெளிகளில் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். வெளுத்த துணிகளைக் கொலோனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆண்கள், அங்கே களியாட்டத்திலும் கலந்து மகிழ்ந்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். வீட்டுப் பெண்களுக்கோ வழமைபோலத் தொட்டியும் சவர்க்காரமும்தான். 1823இல் கொலோனில் களியாட்டத்தை ஒழுங்குபடுத்த அமைந்த குழுவும் ஆண்களுடையதே. அடுத்த வருடமே, 1824இல், பொயல் சலவைப் பெண்கள் தங்களுக்கென ஒரு பெண்கள் குழுவை அமைத்தார்கள். அந்த வியாழனன்று வேலையை நிறுத்திவிட்டு ஒன்றுகூடினார்கள். தங்கள் மனக்குறைகளைப் பேசினார்கள், சிரித்தார்கள். பெண்களின் வியாழக்கிழமைக் கொண்டாட்டம் இன்று இருக்கும் வடிவத்துக்கு அவர்களே வழிகாட்டிகள்.

1957 முதல் பொயல் பெண்கள் அன்றைய தினம் நகரசபைக் கட்டிடத்தை முற்றுகையிட்டுக் 'கைப்பற்றுகிறார்கள்'. அவர்களுக்குத் தலைமை தாங்குபவளின் பட்டம் 'சலவை இளவரசி'. சலவைத்தொழிலைச் சாதியோடு கட்டி இழிவாகப் பார்த்த ஊரில் பிறந்த எனக்கு, அந்தத் தொழிலின் பெயரே ஒரு முடியாக இருப்பதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

அன்று பெண்கள் கையில் கத்தரிக்கோலுடன் திரிகிறார்கள். எதிர்ப்படும் ஆண்களின் கழுத்துப்பட்டியைக் கத்தரித்துவிட்டுக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறார்கள். கழுத்துப்பட்டி ஆணின் அதிகாரத்துக்கு அடையாளமாம். விஷயம் தெரிந்த ஆண்கள் பழைய பட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்!

ஊர்வல வண்டிகளில் இருந்து இனிப்புகளை வீசுகிறார்கள். 'கமெல' என்று கூவிக்கொண்டு, பிள்ளைகள் குடையைத் தலைகீழாக விரித்து ஏந்துகிறார்கள். வீடுகளில் எங்கள் வாய்ப்பன்போல எண்ணெயில் பொரித்த, உள்ளே பழப்பாகு வைத்த பணியாரங்கள். நோன்பில் நெய்யும் முட்டையும் விலக்கப்பட்டிருந்த காலத்தில், வீட்டில் இருந்ததைத் தீர்க்கப் பெண்கள் கண்ட வழி இது. கொலோனில் செவ்வாய் இரவு 'நுபெல்' என்ற வைக்கோல் பொம்மையின்மேல் எல்லாக் குற்றங்களையும் சுமத்தி எரித்துவிடுகிறார்கள். மறுநாள் நெற்றியில் சாம்பல் சிலுவை.

போர் நடக்கும்போது சிரிக்கலாமா என்ற கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கிறது. 1991இல் வளைகுடாப் போரின்போது பல நகரங்களில் பெரிய ஊர்வலங்கள் கைவிடப்பட்டன. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புத் தொடங்கிய பெப்ரவரி 24, சரியாக இந்தப் பெண்கள் வியாழனாகவே அமைந்தது. அடுத்த திங்களன்று கொலோனில் களியாட்ட ஊர்வலத்துக்குப் பதிலாகச் சமாதானப் பேரணி நடந்தது. ஏறக்குறைய 2,50,000 பேர் திரண்டார்கள். பலர் களியாட்ட உடையிலேயே வந்தார்கள்.

பொயல் தெருவில் என் மனதைத் தொட்ட காட்சி வேறொன்று. முதிய பெண்கள் பலர் பூத்தொப்பி அணிந்து, கைகோத்துப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களில் யார் கணவனை இழந்தவர், யார் தனித்து வாழ்பவர் என்று எவரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் போரில் துணையை இழந்த எத்தனை சகோதரிகள் நல்ல காரியங்களில் பின்வாசலில் நிற்கிறார்கள்! பூவும் பொட்டும் மட்டுமல்ல, சிரிப்பும் அவர்களுக்கு விலக்கப்பட்டுவிடுகிறது.

சகோதரிகளே, பொயல் பெண்கள் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. வேலை ஓயாத கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒருநாள் கூடியிருந்து பேசினார்கள். எங்கள் கிராமங்களில் மாதர் சங்கமோ சிறுசேமிப்புக் குழுவோ கூடும்போது, கணக்குப் புத்தகத்தை மூடிய பின் அரை மணித்தியாலம் இருந்து கதைத்துச் சிரித்துவிட்டுப் போனால் என்ன? பின்வாசலில் நிற்கும் சகோதரியையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.