சட்டையில் தைத்த ஊர்ப்பெயர்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை, கொண்டச்சி வழியாகத் தெற்கே வந்தால் வில்பத்துக் காட்டை அண்டியிருக்கிறது மறிச்சுக்கட்டி. இவ்வூரின் பெயரைச் சொன்னால் வெளியார் முத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 1905இல் நடந்த முத்துக்குளிப்புக்காக இங்கே மணலில் ஒரு நகரமே எழுந்தது. பல்லாயிரம் பேர் கூடினார்கள், பின் கலைந்தார்கள். ஆங்கிலேயர் அதனை அறிக்கைகளில் எழுதி வைத்தார்கள்.

நான் சந்தித்த வயதான உம்மா ஒருவரோ பந்தைப் பற்றியே பேசினார்.

"முத்து எங்களுக்கா வந்தது மகள்? அசருக்குப் பிறகு எங்கட பொடியன்மார் பந்தடிக்கிற சத்தம்தான் எனக்கு ஊர்."

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவர்களும் எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போனார்கள். அங்கே ஓலைக் குடிசைகளுக்கு நடுவிலும் பிள்ளைகள் பந்தடித்தார்கள். உம்மா பழைய துணியில் எழுத்து வெட்டி, சட்டைகளின் முதுகில் ஊர்ப்பெயரைத் தைத்துக் கொடுத்தாராம்.

"அங்க பிறந்த பிள்ளைகள் ஊரைக் கண்டதில்ல. பேரையாவது முதுகில சுமக்கட்டும் எண்டு தைச்சன்."

2009இல் போர் முடிந்த பின்னர்தான் ஊர் திரும்ப முடிந்தது. அந்தச் சட்டைகளில் ஒன்றுகூட இப்போது மிஞ்சவில்லை.

கல்கத்தாவில் 1911இல் மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படையணியை வென்ற கதை திரைப்படமாகியிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16இல் அந்நகரின் ஈடன் மைதானத்தில் நெரிசலில் மாண்ட 16 இரசிகர்களுக்காக மன்னா டே பாடிய பாட்டு உண்டு. மகிழ்ச்சியோடு இழப்பையும் அந்நகரம் கலையில் காத்து வைத்திருக்கிறது.

மன்னாரும் உதைபந்தாட்ட மண்தான். தேசிய அணியில் ஆடிய டக்சன் பியூஸ்லஸ் மன்னாரின் மகன். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் இறந்தபோது மன்னார் துயரில் ஆழ்ந்தது.

வென்றவர் பெயர் கிண்ணத்தில் இருக்கும். சட்டை தைத்தவள், தேத்தண்ணி ஊற்றியவள், மகன் திரும்பும்வரை வாசலில் நின்றவள் ஆகியோரின் நினைவு எங்கே இருக்கும்? சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிந்தால் துணியில் தைத்தும் வையுங்கள்.

விடைபெறும்போது உம்மாவின் பேத்தி முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். உம்மா அவளைத் தடுக்கவில்லை.

"இவளுக்கும் ஒண்டு தைக்கவேணும்" என்றார்.