யந்திர மனிதனின் பாட்டு

'ரோபோ' என்றால் என்னவென்று கேட்டால், எங்கள் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புச் சிறுவன்கூடத் தயங்காமல் விடை சொல்லிவிடுவான். இட்ட வேலையைச் செய்யும் யந்திரம். அதற்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், சம்பளமும் வேண்டாம் என்பான். சம்பளம் வேண்டாத வேலையாள் என்ற அந்தக் கடைசி லட்சணத்தில்தான் இச்சொல்லின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

செக் தேசத்து நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் 'ஆர். யூ. ஆர்.' என்றொரு நாடகம் எழுதினார். மறு வருஷம் அது பிராக் நகரத்தில் மேடையேறியது. அந்நாடகத்தில் ஒரு தொழிற்சாலை வருகிறது. அங்கே உற்பத்தியாகிறவர்கள் வேலையாட்கள். அவர்கள் இரும்பால் ஆனவர்களல்லர். சதையை ஒத்த ஒரு பொருளால் வார்க்கப்பட்டவர்கள். பார்வைக்கு மனிதர்களே. அவர்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று யோசித்தபோது சாப்பெக்கின் தமையனார் யோசெப் எடுத்துக் கொடுத்த சொல்தான் 'ரோபோட்'. செக் மொழியில் 'ரோபோத்தா' என்பது, பண்ணையாட்கள் தங்கள் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலையைக் குறிக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, ஏறக்குறைய அதுதான். ஆகவே, ரோபோ பிறந்தது விஞ்ஞானக் கூடத்தில் அன்று. அடிமை உழைப்பைப் பற்றிய ஒரு நாடகத்தில்.

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டவன் மேல்வகுப்பு மாணவன் ஒருவன். அவனுடைய பாட்டனார் மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். பையனோ இரவு வேளைகளில் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து தானாகவே சங்கீதம் அமைக்கிறான். அதில் மத்தளமும் இல்லை, வயலினும் இல்லை. யந்திரத்தின் தாளமும், தகரத்தைத் தட்டினாற்போன்ற ஒரு குரலும் மட்டுமே இருக்கின்றன. அவன் குரல் இயல்பில் நல்ல குரல். "அதை ஏன் அப்பா இப்படி யந்திரத்துக்குள் போட்டு மறைக்கிறாய்?" என்று கேட்டேன். "என் குரலில் பாடினால் இன்ன தெருப் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், ஸார். இந்தக் குரலுக்குத் தெரு கிடையாது" என்றான்.

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் படிக்க வைத்தது. சபைகளிலும் ரேடியோவிலும் இடம் பெறாமல், வீட்டு நிலவறைகளிலும் மூடிக்கிடக்கும் ஆலைக் கட்டிடங்களிலும் இளைஞர்கள் தாங்களாகவே வளர்த்த சங்கீதம் ஒன்று மேல்நாடுகளில் உண்டு. அதை 'நிலவறைச் சங்கீதம்' என்று சொல்லலாம். அதன் ஒரு பெரிய கிளைக்கு ஞானத்தந்தை கதைகளில் வந்த யந்திர மனிதன்தான்.

ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தைச் சேர்ந்த 'கிராஃப்ட்வெர்க்' என்னும் குழுவினர் 1978-இல் 'மனித யந்திரம்' என்று பொருள்படும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்கள். யந்திர மனிதர்களைப் பற்றிய பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. அதற்குள் வேலையாள், ஊழியன் என்று பொருள்படும் ருஷ்யச் சொற்களும் ஒலிக்கின்றன. தங்களைப் போலவே பொம்மைகள் செய்து தங்களுக்குப் பதிலாக அவற்றைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். அவர்கள் வரையில் அது பெரும்பாலும் அழகான வேடிக்கை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வேடிக்கையாக இருக்கவில்லை. டெட்ராய்ட் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் நகரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் ஆயிரக்கணக்கில் அவற்றில் உழைத்தார்கள். பிறகு வேலை குறைந்தது; பல ஆலைகள் மூடின; எஞ்சியவற்றில் மனிதன் நின்ற இடத்தில் யந்திரக் கை வந்து நின்றது. அந்த நகரத்து இளைஞர் ஜுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து 'சைபோட்ரான்' என்னும் பெயரில் இசை அமைத்தார். 'கிளியர்' என்ற அவர்களுடைய இசைத்தட்டு 1983-இல் வந்தது. 'டெக்னோ' என்று இன்று உலகம் அழைக்கும் சங்கீதம் இப்படித்தான் வேர்விட்டது. தகப்பனாரின் வேலையைப் பிடுங்கிய யந்திரத்தையே மகன் வாத்தியமாக்கிக்கொண்டான்!

சில வருஷங்களுக்குப்பின் அங்கே 'அண்டர்கிரவுண்ட் ரெஸிஸ்டன்ஸ்', அதாவது 'நிலவறை எதிர்ப்பு' என்றே பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழு தோன்றியது. அதைச் சேர்ந்தவர்கள் முகமூடி அணிந்தார்கள். முகத்தைப் படமெடுக்க விடவில்லை. என் மாணவன் சொன்ன அதே நியாயந்தான். முகம் தெரிந்தால் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் பாட்டுக்கு முன் விலை போட்டுவிடுவார்கள்.

இவர்களோடு தொடர்புடைய 'டிரெக்ஸியா' என்ற இருவர் குழு கற்பித்த கதையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து கர்ப்பிணிகள் கடலில் எறியப்பட்டார்கள் அல்லவா? அவர்கள் வயிற்றிலிருந்த சிசுக்கள் இறக்கவில்லை. கர்ப்பத்தில் சுவாசித்தபடியே நீரிலும் சுவாசிக்கக் கற்றுக்கொண்டன. கடலடியில் ஒரு தேசத்தையே கட்டி வாழ்கின்றன. 1997-இல் வெளியான அவர்களுடைய தொகுப்பில் இக்கதை அச்சாகியிருக்கிறது. அவர்களுடைய சங்கீதத்தில் யந்திரங்கள் நீருக்குள் பேசுவன போல் ஒலிக்கும்.

தூத்துக்குடிக்காரன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போன மனிதர்களின் ஊரல்லவா இது! காலுக்குக் கல், இடுப்புக்குக் கயிறு, ஒரே மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் பாரில் கிடக்கும் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைக்கவேண்டும். மேலே இருப்பவன் இழுக்கவேண்டும். இங்கே முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். கொற்கை முத்தின் பெருமையை நாம் பேசாத மேடை இல்லை. ஆனால் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறது. ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்களுக்குப் பின்னால் இருந்ததும் ஒரு 'ரோபோத்தா'வே.

கடலடியில் நடந்தது கரையிலும் நடந்தது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் இந்த ஊர்க் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வும் வார விடுமுறையும். யந்திரத்துக்கு விடுமுறை எதற்கு? 'நாங்கள் யந்திரங்களல்லர்' என்பதுதான் அந்தக் கோரிக்கையின் உட்பொருள். அவர்களுக்குத் துணை நின்ற வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு அந்நிய சர்க்கார் அளித்த பரிசு என்ன? கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்கவேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தது. கப்பல் விட்ட மனிதரைச் செக்கின் ஓர் உறுப்பாக மாற்றிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. மனிதனை யந்திரமாக்கும் வித்தையை ஆளுகிறவர்கள் நாடகம் பார்த்துக் கற்கவில்லை.

தமிழில் யந்திர மனிதன் இல்லாமலில்லை. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற யந்திர நாய்க்குட்டியைப் படைத்து வாசகர்களைக் கொள்ளைகொண்டார். 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி ஆடிப்பாடி, காதலித்து, கடைசியில் தன்னைத்தானே கழற்றிக்கொண்டது. தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்ற பொருள்பட அது சொல்லும் பதிலைக் கேட்டு, வெறும் பொழுதுபோக்குக்காக வந்தவர்களும் ஒரு கணம் மௌனமானார்கள். எனினும் சிட்டியின் பாட்டு பெரிய கொட்டகைகளின் பாட்டு, நிலவறைக்குள் இறங்கவில்லை.

நம் நாட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் பாட்டு வேறு வழியில் வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. வடசென்னைக் கானாவும் மேல்நாட்டு ராப்பும் ராக்கும் அதில் கைகோத்தன. குழுவின் பெயருக்கு மூலம், அயோத்திதாச பண்டிதர் வழங்கிய 'சாதியில்லாத் தமிழர்' என்ற சொற்றொடர். இவர்கள் யந்திர முகமூடியை அணியவில்லை. சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் வந்து நின்றார்கள். டெட்ராய்ட்காரர் முகத்தை மறைத்துச் சொன்னதும், இவர்கள் முகத்தைக் காட்டிச் சொன்னதும் ஒன்றே: எங்களை வேலைக்கான பொருளாக எண்ணாதீர்கள். என் மாணவனுக்கு இரண்டு வகையையும் கேட்கக் கொடுத்தேன். எது தன் வழி என்று அவனே முடிவு செய்யட்டும். உபாத்தியாயர் வேலை கதவைத் திறந்துவிடுவது, பிடித்துத் தள்ளுவதன்று.

இதற்குள் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. மனிதன் யந்திரத்தின் குரலைப் பூண்ட காலம் போய், யந்திரம் மனிதனின் குரலைப் பூணும் காலம் வந்திருக்கிறது. 2024-இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை அறிவு யந்திரத்தால் மீண்டும் ஒலிக்கச் செய்தார் ஏ. ஆர். ரஹ்மான். இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். பலர் அந்த விந்தையைப் பேசினார்கள். எனக்கு விந்தையைக் காட்டிலும் அந்த அனுமதியும் ஊதியமும் பெரிதாகப் பட்டன.

ஏனென்றால், பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. கொற்கையில் மூச்சு குளித்தவனுடையது, முத்து பிறனுடையது. நாளை எத்தனையோ பாடகர்களின் மூச்சை யந்திரம் விழுங்கிப் பாட்டாக உமிழப்போகிறது. பெயர் பெற்றவர்களின் குடும்பத்தைத் தேடிப் போய்க் கேட்பார்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் பாடிப் பிழைக்கும் பெயரற்ற பாடகனைத் தேடிப் போவார்களா? அவன் கூலியின்றிப் பாட நேர்ந்தால், நூறு வருஷத்துக்கு முன் சாப்பெக் கட்டிய தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் யந்திரமல்ல, அந்தப் பாடகன்தான்.

யந்திரம் பாடட்டும், தாராளமாகப் பாடட்டும். அதன் தொண்டையில் இருக்கும் மூச்சு யாருடையது என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். கோரல் ஆலைத் தொழிலாளர் 1908-இல் கேட்டுப் பெற்ற ஒரு நாள் விடுமுறைக்கு நாம் செலுத்தும் வாடகை அது.