அடுப்புக்கு அந்தப் பக்கம்

உணவுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இலைக்கு முன்னே அமர்ந்துதான் எழுதுகிறார்கள். பரிமாறிய பதார்த்தத்தின் ருசி, அதன் விலை, தலைக்கு மேலே சுழலும் விசிறி, கை கழுவும் இடத்தின் சுத்தம் ஆகியவற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, மனம் நிறைந்திருந்தால் ஓர் ஆசீர்வாதமும் இல்லையேல் ஒரு சாபமும் வழங்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பசித்தவனுக்கு அந்த விவரங்களே பிரதானம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும், மேற்கே மலைத்தொடர் கூடவே வர, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ச் சாலையில் இன்றைக்குக் கிடைக்கும் போஜன வகைகளை, கோயில் வீதிச் சாப்பாட்டிலிருந்து நள்ளிரவுப் புரோட்டா வரையிலும், அதற்கும் அப்பால் சீனதேசத்துப் பெயர் சூட்டிக்கொண்ட நூடுல்ஸ் வரையிலும் எண்ணிப் பார்த்தபோது, இவற்றையெல்லாம் ஆக்கிப் போடுகிற கைகள் யாருடையவை, அவை எப்படிப் பழகின என்று விசாரிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. ஆகவே இந்த இரு ஊர்களிலும் உண்ட நேரம் போக மிச்ச நேரத்தை அடுப்புக்கு அந்தப் பக்கத்திலேயே கழித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்தை விட்டு இறங்கியவன் கண்ணில் முதலில் படுவது வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம்; அடுத்துப் படுவது பால்கோவாப் பலகை. தேரடியிலும் ரத வீதிகளிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் வரிசை வரிசையாகத் தொங்கும் அந்தப் பலகைகளில் தானே ஆதி, தானே அசல் என்று சொல்லிக்கொள்ளாதது அபூர்வம். எது அசல் என்ற வியாஜ்ஜியத்தை வெளியூரான் ஒருவன் தீர்க்கப் புகுவது அசட்டுத்தனம் என்பதால் நான் அதில் தலையிடவில்லை. கடையின் கண்ணாடிப் பெட்டியை விட்டு, சந்துக்குள் இருந்த கிண்டும் இடத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டு போனேன்.

ஓடு வேய்ந்த நீண்ட கூடம். சுவரை ஒட்டி வரிசையாக அடுப்புகள். ஒவ்வொன்றின் மேலும் அகன்ற இரும்புச் சட்டி. சட்டிக்கு ஓர் ஆள். ஆளுக்கு ஒரு துடுப்பு. சுற்று வட்டாரத்து மம்சாபுரம், வத்திராயிருப்பு போன்ற ஊர்களிலிருந்து விடியற்காலையிலும் மாலையிலும் வந்து சேரும் பசும்பாலைச் சட்டிக்குப் பத்து லிட்டர் என்று அளந்து ஊற்றுகிறார்கள். அடுப்பில் எரிவது புளிய விறகும், முந்திரிக்கொட்டையை உடைத்த பின் மிஞ்சும் தோடும். இந்த ஜோடி காரணமின்றி அமைந்ததல்ல. தோட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது குபீரென்று பற்றிப் பாலைச் சீக்கிரம் பொங்க வைக்கிறது. புளிய விறகோ கனத்த கங்காகி, நின்று நிதானமாக எரிகிறது.

"கிட்ட வராதீக ஐயா, தெறிச்சா தோல் உரிஞ்சிரும்" என்று என்னை இரண்டடி பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, அறுபது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு பெரியவர் தம் வேலையைத் தொடர்ந்தார். பால் பொங்கி எழும்போது அவர் அவசரப்படவில்லை. துடுப்பைச் சட்டியின் ஓரத்தோடு ஒரு சுற்று, நடுவிலே குறுக்காக ஓர் இழுப்பு, மறுபடி ஓரத்தோடு ஒரு சுற்று என்று மாறி மாறிச் செலுத்திக்கொண்டே இருந்தார். பால் சுண்டி, கொதியின் ஓசை மெல்லக் கனத்து, நுரை அடங்கிக் குமிழிகள் பெரிதாகிக் களகளவென்று வெடிக்கத் தொடங்கியபோது ஒன்றேகால் கிலோ சீனியைக் கொட்டினார். கெட்டிப்படத் தொடங்கியிருந்தது மறுபடி இளகிக்கொண்டது. அதன் பிறகுதான் மனிதருடைய முகம் மாறியது. அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அடுப்பு வாயில் இருந்த விறகைக் காலாலேயே பின்னுக்கு இழுத்தார். துடுப்பு இப்போது அடியைச் சுரண்டுவதுபோல் ஆழமாகப் போயிற்று. ஒரு கணம் தாமதித்தாலும் அடி பிடித்துவிடும், அடி பிடித்தால் கருகல் வாசனை சட்டி முழுவதும் ஏறிவிடும், அப்புறம் பத்து லிட்டர்ப் பாலும் வீண். சட்டியின் பக்கங்களை விட்டு விலகி அது ஒன்றாகத் திரளும் சமயத்தில், துடுப்பின் நுனியில் கொஞ்சம் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். விழவில்லை. உடனே சட்டியை இறக்கச் சொன்னார். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான, சந்தன நிறத்துக்கு நெருங்கிய பால்கோவா தட்டில் விழுந்தது.

"கொதிக்கிற வரைக்கும் யார் வேணும்னாலும் கிண்டலாம். சீனி போட்ட பிறகுதான் கை வேணும்" என்றார், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு.

பக்கத்து அடுப்பில் மோட்டார் பொருத்திய துடுப்பு ஒன்று தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. முதலாளி அதைப் பற்றிப் பெருமையோடும் பெரியவர் அதைப் பற்றிப் பகையின்றியும் பேசினார்கள். முக்கால் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறதாம். தோள்பட்டை நோவுக்கு அது பெரிய உபகாரமாம். கடைசிக் கால் வேலையில் மாத்திரம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஆள் இறங்குகிறார். இந்த உஷ்ணத்தில் நிற்கப் புதிதாகப் பையன்கள் வருவதில்லை என்பதும், வருகிறவர்கள் திருப்பூருக்கோ சிவகாசிக்கோ போய்விடுகிறார்கள் என்பதும் முதலாளியின் கவலை. கவலைக்குப் பரிகாரமாகக் கூலியை உயர்த்துவதுண்டா என்று நான் கேட்டதற்கு, பால் விலையைப் பற்றி நீண்ட விளக்கம் ஒன்று கிடைத்தது.

இந்தப் பக்கத்து ஜனங்களிடம் ருசியின் ரகசியம் என்னவென்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும்: "எங்க ஊரு தண்ணி அப்படி." பால்கோவாவுக்கும் அதே பதில், புரோட்டாவுக்கும் அதே பதில், காப்பிக்கும் அதே பதில். மலையடிவாரத்துப் புல்லை மேய்ந்து, மலையிலிருந்து இறங்கும் நீரைக் குடித்த பசுவின் பாலுக்குத் தனிக் குணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சட்டமும் ஏறத்தாழ இதையே ஒப்புக்கொண்டு, 2019-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறது. ஆனால் கூடத்தில் அந்தப் பெரியவரிடம் தண்ணீரின் மகிமையைப் பற்றி நான் பிரஸ்தாபித்தபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி பூராவையும் ஆவியாக்கித்தானய்யா கோவா எடுக்கிறோம்; அப்புறம் தண்ணியோட ருசி எங்கயிருந்து வரும்?" என்று கேட்டார். சட்டியில் ஊற்றியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டின் இடுக்கு வழியே புகையாகப் போய்விடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதற்குப் பதில் அகப்படவில்லை. ஊருக்குக் கியாதியைக் கொடுக்கிற பத்திரங்களில் துடுப்புப் பிடித்த கைக்கு என்று ஒரு வரி இருந்தால் தேவலை.

மத்தியானம் கோயில் வீதிப் பக்கம் ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பிட்டேன். சாம்பாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புளியோதரையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு என்றாலும் அது வேறு கட்டுரை. அன்று அக்காரவடிசல் இல்லை. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று வரும்படி சொன்னார்கள். அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு அண்டா வெண்ணெயும் நூறு அண்டா அக்காரவடிசலும் நேர்ந்துகொண்ட ஆண்டாளின் நேர்த்தியைப் பின்னாளில் ராமானுஜர் நிறைவேற்றினார் என்றும், அதனால் அவளே அவரை அண்ணா என்றழைத்தாள் என்றும் வைஷ்ணவ சம்பிரதாயம் கூறும். நூறு அண்டாவைக் கிண்டியவர்கள் யார் என்பது மாத்திரம் அந்தக் கதையிலும் வரவில்லை.

சாயங்காலம் ராஜபாளையத்துக்கு வந்தேன். இந்த ஊரின் சுபாவம் வேறு. விஜயநகர காலத்தையொட்டித் தெலுங்கு தேசத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் முதலமைச்சராயிருந்து, தம் சொந்த வீட்டையே பொதுக் காரியத்துக்கு எழுதிக்கொடுத்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர். அவர் வீடுதான் இப்போது காந்தி கலை மன்றம். வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குடும்பங்களின் அடுக்களைகளில் புளிச்சக்கீரையும் காரமும் தாராளமாகப் புழங்குகின்றன என்று கேள்விப்பட்டு, அதைக் கடையில் தேடினேன். அது வீட்டோடு நின்றுவிட்ட சமையல் போலும். இவ்வூர்க் கடைத்தெருவின் சாப்பாட்டை நிர்ணயித்தது வேறொரு சக்தி. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பாலைகள் எழுந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் பெருகின. மில் என்றால் ஷிப்டு. ஷிப்டு என்றால் இரவு பதினோரு மணிக்கும் நடுநிசிக்கும் பசியோடு வெளியே வருகிற மனிதர்கள். அந்த நேரத்துப் பசிக்கு இட்லி போதாது. வயிற்றில் விடியும்வரை நிற்கிற பண்டம் வேண்டும், அதுதான் புரோட்டா.

தென்காசி சாலையில் வாசலிலேயே அடுப்பு வைத்த ஒரு கடை. விருதுநகர் வட்டாரத்துக்கே உரிய பொரிச்ச புரோட்டா இங்கும் உண்டு. நடுவில் குழிந்த கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதிலேயே முக்கி மொறுமொறுப்பாக எடுப்பார்கள். விருதுநகரில் புரோட்டாக் கடைக்குப் பர்மாவின் பெயரே வழங்குவதையும், அக்கரைக்கு வியாபாரம் செய்யப் போன தென்னாட்டுக் குடும்பங்கள் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போதும், 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோதும் வெறுங்கையோடு திரும்பி வந்ததையும் நினைத்துக்கொண்டால், இந்தக் கல்லின் முன்னே நிற்கிறவன் ஒரு சரித்திரத்தின் ஓரத்தில் நிற்கிறான் என்றே தோன்றும்.

மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மதியம் இரண்டு மணிக்கே மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி ஊற வைத்திருந்தார். "ஊறாத மாவு வீசும்போது கிழிஞ்சிரும் அண்ணாச்சி. கோவமா பிசைஞ்சிட்டுப் பொறுமையா விடணும்" என்றார். மைதாவில் உள்ள பசைப் புரதம் பிசையும்போது இறுகி, ஓய்வு கொடுத்தால்தான் இழுத்த இழுப்புக்கு இணங்கும் என்று சாஸ்திரம் படித்தவர்கள் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். உருண்டை ஒன்றை எடுத்துக் கையால் தட்டி, இரண்டு விரல்களால் ஓரத்தைப் பற்றி எண்ணெய்ப் பலகையின் மேல் வீசினார். முதல் வீச்சில் தட்டளவு, மூன்றாம் வீச்சில் மேசையின் மர ரேகை மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லியது. அதைச் சேலைக் கொசுவம்போல் சுருக்கி, சுற்றி, ஓரமாக வைத்தார். ஒரு சுற்றுக்கு இன்னொரு ஓய்வு. பின்பு உள்ளங்கையால் அழுத்திக் கல்லில் போட்டு, வெந்து எடுத்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரு பக்கமும் கைகளால் ஓங்கி அடித்தார். அடிக்க அடிக்க ஏடுகள் பிரிந்தன. கொதிக்கிற எண்ணெயிலிருந்து வந்த பண்டத்தை வெறுங்கையால் அடிக்கிற அந்த உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்; ரேகைகள் தேய்ந்து, தோல் பளபளவென்று இருந்தது.

கூலி தினக் கணக்கு. அது போக, கடைக்குக் கடை முன்பணம். நல்ல மாஸ்டரை வேறு கடைக்காரர் கூடுதல் முன்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டு போவது இந்தத் தொழிலில் சகஜம். முன்பணம் அடையும்வரை மாஸ்டரும் நகர முடியாது. இது சம்பளமா கடனா என்று எனக்கு விளங்கவில்லை என்றேன். "ரெண்டுந்தான்" என்றார்.

அதே கடையின் இடது ஓரத்தில், கேஸ் அடுப்பும் ஆழமான இரும்பு வாணலியுமாக இன்னொரு அங்கம் இருந்தது: பிரைடு ரைஸ், நூடுல்ஸ், மஞ்சூரியன். இந்த மஞ்சூரியன் சீனாவில் பிறந்ததல்ல, 1975-இல் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் உருவாக்கியது என்று சொல்வார்கள். ராஜபாளையத்துக்கு வருவதற்குள் அது கறிவேப்பிலையையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. வாணலியைக் குலுக்கிக்கொண்டிருந்தவன் நேபாளத்துப் பையன். இங்கே வந்து சில வருஷங்களாகிறதாம், "என்ன வேணும்ணே, சிக்கனா முட்டையா?" என்று இவ்வூர் ராகத்திலேயே கேட்டான். சோயா சாஸ் புட்டியைப் பார்க்காமலேயே கையில் எடுத்து, பார்க்காமலேயே ஊற்றி, பார்க்காமலேயே வைத்தான்.

தசைன் பண்டிகைக்கு அவன் ஊருக்குப் போகிற நாட்களில் வாணலியை யார் பார்க்கிறார்கள் என்று முதலாளியைக் கேட்டேன். மாஸ்டர்தானாம், நூடுல்ஸ் அவருக்கு நன்றாகவே வரும். சரி, தீபாவளிக்கு மாஸ்டர் விடுப்பு எடுத்தால் புரோட்டாவுக்கு யார்? முதலாளி கல்லாவில் இருந்தபடியே வாணலிப் பக்கம் தலையை அசைத்துக் காட்டினார். "போன தீபாவளிக்கு மூணு நாள் பூராம் அவன் வீச்சுத்தான். எங்க ஊரு தண்ணிக்குத்தான் இந்தப் புரோட்டா வரும்னு ஒரு மில்லுக்காரரு அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார்.

அதற்குள் மில் ஷிப்டு விட்டுவிட்டது. வாசலில் மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் வந்து நின்றன. சால்னாவுக்குப் பாத்திரம் கொண்டுவந்தவர்கள் வரிசையில் முந்தினார்கள். மாஸ்டர் அடுக்கி அடிக்கத் தொடங்கினார். நேபாளத்துப் பையன் தன் அடுப்பை அணைத்துவிட்டு உருண்டை பிடிக்க வந்து உட்கார்ந்தான்.